செவிகொடுக்கிறவனும் பயப்படாதவனும்





இவ்வாரத் தியானப் பகுதி: உபாகமம் 1:9–18

குடியரசு தினத்தைக் கொண்டாடிய வாரம் இது. ஆலய வளாகத்தில் கொடியேற்றி, தேசத்துக்காக ஜெபித்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடித்தபின் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, நாம் வாக்களித்து அனுப்பியவர் நாம் சொல்வதைத்தானே செய்யவேண்டும்? மக்களில் பெரும்பாலோர் ஒன்றை விரும்பும்போது அதற்கு மாறாகக் கையுயர்த்த அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. குடியரசில் மக்களே எஜமானர்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எஜமானுடைய சொல்லைக் கேளாதவன் எப்படி ஊழியனாவான்? ஆனாலும் நான் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. என் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. அது என் ஊழிய வாழ்வில் நான் வெட்கப்படுகிற ஒரு காரியத்தோடு சம்பந்தப்பட்டது. அதைப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் வேதத்தைத் திறப்போம்.

மோசே கொடுத்த இரண்டு கட்டளைகள்

வனாந்தரத்தில் திரளான ஜனத்தின் வழக்குகளையும் பாரங்களையும் தனியொருவராய்ச் சுமக்க மோசேயால் முடியாமற்போயிற்று. தங்கள் கோத்திரத்தார் நடுவே விவேகிகள் என்று அறியப்பட்டவர்களை ஜனங்களே தெரிந்தெடுத்துத் தரவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஜனங்களும் அது நல்லது என்று இசைந்தார்கள். அவர்கள் அடையாளம் காட்டியவர்களை மோசே ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களாக நியமித்தார்.

இஸ்ரவேல் ஒரு குடியரசாக இருக்கவில்லை. மோசே நியமித்தவர்கள் முதன்மையாக நியாயம் விசாரிப்பவர்கள். சட்டம் இயற்றுபவர்கள் அல்லர். ஆகவே இந்தப் பகுதியிலிருந்து ஒரு அரசியல் அமைப்பை அப்படியே எடுத்துவிட முடியாது. ஆனால் ஜனத்தால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவனுக்கு என்ன பொறுப்பு கொடுக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்கலாம். 16ஆம், 17ஆம் வசனங்களில் மோசே அவர்களுக்கு இரண்டு கட்டளைகளைக் கொடுக்கிறார்.

ஒன்று, கேட்கவேண்டும். சகோதரனுடைய காரியத்தையும் அவனிடத்தில் தங்கியிருக்கிற அந்நியனுடைய காரியத்தையும் கேட்கவேண்டும். பெரியவனுக்குக் கொடுக்கிற செவியைச் சிறியவனுக்கும் கொடுக்கவேண்டும். மற்றொன்று, எந்த மனுஷனுடைய முகத்துக்கும் பயப்படக்கூடாது. ஏனென்றால் நியாயத்தீர்ப்பு தேவனுடையது.

உங்களைத் தெரிந்தெடுத்தவர்கள் சொல்வதையெல்லாம் செய்யுங்கள் என்று மோசே சொல்லவில்லை. தெரிந்தெடுக்கப்பட்டாயிற்று, இனி யாருக்கும் செவிகொடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்லவில்லை. கேள், பயப்படாதே. இவ்விரண்டும் ஒருவனிடத்தில் சேர்ந்திருப்பது அரிது. நன்றாகச் செவிகொடுக்கிறவன் பல வேளைகளில் பயந்தவனாயிருக்கிறான். பயமற்றவனோ ஒருவரையும் கேளாதவனாயிருக்கிறான். வேதத்தில் இவ்விரண்டு தவறுகளுக்கும் சாட்சிகள் உண்டு.

கேளாத ராஜா

சாலொமோனுக்குப்பின் அவன் குமாரன் ரெகொபெயாம் சிங்காசனம் ஏற வந்தபோது, சீகேமில் கூடின ஜனங்கள் ஒரே ஒரு விண்ணப்பத்தை வைத்தார்கள்: உம்முடைய தகப்பன் சுமத்தின பாரத்தைக் குறைத்தால் உமக்குக் கீழ்ப்பட்டிருப்போம் என்றார்கள். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். இன்று நீர் இந்த ஜனத்துக்குச் சேவகனானால் அவர்கள் என்றும் உமக்குச் சேவகராயிருப்பார்கள் என்ற கருத்தில் முதியோர் ஆலோசனை சொன்னார்கள். அவனோடு வளர்ந்த வாலிபரோ இன்னும் கடுமையாகப் பேசச் சொன்னார்கள். அவன் வாலிபர் சொல்லையே கேட்டான். பத்துக் கோத்திரங்கள் அவனைவிட்டுப் பிரிந்துபோயின. 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம்.

ஜனங்களின் கருத்து என்றாலே அறியாமை, கூட்டத்தின் கூச்சல் என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை வாசிக்கவேண்டும். பாரத்தைச் சுமக்கிறவனுக்குத்தான் அதன் எடை தெரியும். சீகேமில் ஜனங்களே சரியாகச் சொன்னார்கள், அரண்மனையே தவறியது.

இதைவிடத் தெளிவான இன்னொரு சம்பவமும் உண்டு. சவுல் ராஜா யுத்த நாளில் சாயங்காலம்வரை ஒருவனும் புசிக்கக்கூடாது என்று ஆணையிட்டான். அதை அறியாத யோனத்தான் சிறிது தேனை ருசித்தான். தன் சொந்தக் குமாரன் என்றும் பாராமல் அவன் சாகவேண்டும் என்று சவுல் சொன்னபோது, ஜனங்கள் குறுக்கே நின்று யோனத்தானைத் தப்புவித்தார்கள் (1 சாமுவேல் 14). அன்று ஜனத்தின் குரலே இரக்கத்தின் குரலாகவும் நியாயத்தின் குரலாகவும் இருந்தது.

ஆதிச்சபையும் இதை அறிந்திருந்தது. அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விடப்பட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசினவர்கள் முறையிட்டபோது, அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழுபேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே சொன்னார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் அந்த ஏழுபேரின் பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடப்பட்டுப்போனவர்களின் மொழியை அறிந்தவர்கள் பந்தி விசாரணைக்கு வந்தார்கள் என்றே இதை நான் எடுத்துக்கொள்ளுகிறேன்.

ஆகையால், தேர்தல் முடிந்தபின் தொகுதிப் பக்கம் வராத பிரதிநிதியும், தனக்கு மனுக்கொடுத்தவர்களின் முகத்தைப் பாராத பிரதிநிதியும், நான் என் மனச்சாட்சிப்படி நடக்கிறேன் என்று சொல்லித் தப்பமுடியாது. கேளாத மனச்சாட்சி குருட்டு மனச்சாட்சி.

பயந்துபோன தேசாதிபதி

மறுபக்கத்தில் பொந்தியு பிலாத்து நிற்கிறான். அவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அல்ல. ரோம அரசு அனுப்பின அதிகாரி. ஆனாலும் கூட்டத்துக்கு முன் நிற்கிற ஒவ்வொரு அதிகாரிக்கும் அவன் ஒரு கண்ணாடி. இயேசுவிடத்தில் மரணத்துக்கேதுவான குற்றம் ஒன்றும் இல்லை என்று அவன் மூன்று முறை சொன்னதாக லூக்கா 23ஆம் அதிகாரம் காட்டுகிறது. அவனுக்கு உண்மை தெரியாதிருந்ததில்லை. தெரிந்தும், ஜனங்களைத் திருப்திப்படுத்த விரும்பி பரபாசை விடுதலையாக்கி இயேசுவை ஒப்புக்கொடுத்தான் என்று மாற்கு 15:15 சொல்லுகிறது. ரோம அரசையே தன் பின்னால் வைத்திருந்தவன் ஒரு முற்றத்தில் நின்ற கூட்டத்துக்கு அஞ்சினான்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பரபாசைக் கேட்கும்படி ஜனங்களைப் பிரதான ஆசாரியர்கள் ஏவிவிட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். ஜனத்தின் குரல் என்று பிலாத்துவின் காதில் விழுந்தது உண்மையில் சிலருடைய குரல். ஓசன்னா பாடினவர்களே ஐந்து நாளில் சிலுவையில் அறையும் என்று கத்தினார்கள் என்று நாம் பிரசங்கங்களில் சொல்லுவதுண்டு. இரண்டும் ஒரே கூட்டம்தான் என்று சுவிசேஷங்கள் எங்கும் சொல்லவில்லை. கலிலேயாவிலிருந்து வந்த பயணிகளும், விடியற்காலையில் அரண்மனை முற்றத்தில் திரட்டப்பட்டவர்களும் வேறு வேறானவர்களாக இருந்திருக்கலாம். ஒரு இனத்தின்மேல் பழி சுமத்த இந்த வேதபகுதி எழுதப்படவில்லை. முற்றத்தில் உரக்கக் கத்தினவர்களை முழு ஜனமாக எண்ணிக்கொண்ட ஒரு அதிகாரியின் கோழைத்தனத்தை அது காட்டுகிறது.

இன்று அந்த முற்றம் நம் கைபேசிக்குள் வந்துவிட்டது. ஒரு கொடிய குற்றம் நடந்த மறுநாள், விசாரணை எதற்கு, சுட்டுத் தள்ளுங்கள் என்று எத்தனைபேர் எழுதுகிறார்கள்! அவர்களுடைய கோபம் பொய்யல்ல. பலியானவர்களுக்காக அழுகிற கோபம் அது. ஆனால் குற்றவாளி இவன்தானா என்று கேட்க அந்தக் கோபத்துக்குப் பொறுமையில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே நீதிமன்றமும், அதைக் காக்கும் சட்டமும், அச்சட்டத்தை இயற்றும் மன்றமும் இருக்கின்றன. மன்றத்தில் இருப்பவனும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தினால், முற்றத்தில் கட்டப்பட்டு நிற்கிறவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை.

பிரிஸ்டலில் ஒரு தோல்வி, பாரிஸில் ஒரு வாக்கெடுப்பு

இந்தக் கேள்வி பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1774 நவம்பர் 3ஆம் தேதி, தேர்தலில் வென்ற எட்மண்ட் பர்க் தம் வாக்காளர்களுக்கு முன் பேசினார். பிரதிநிதி தம் உழைப்பை மட்டுமல்ல, தம் நிதானிப்பையும் மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறார். அவர்களுடைய அபிப்பிராயத்துக்காக அந்த நிதானிப்பைப் பலியிட்டால் அவர்களுக்குத் துரோகம் செய்கிறார் என்பது அவர் பேச்சின் சாரம். பின்பு அயர்லாந்தின் வர்த்தகத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தவும், கத்தோலிக்கர்மேல் இருந்த சட்ட நெருக்கத்தைக் குறைக்கவும் அவர் துணைநின்றார். பிரிஸ்டல் வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1780ஆம் ஆண்டுத் தேர்தலில் வெல்ல வழியில்லை என்று கண்டு போட்டியிலிருந்து விலகினார்.

பர்க்கைப் புகழ்கிறவர்கள் பின்கதையையும் சொல்லவேண்டும். அதன்பின் அவர் மால்டன் என்னும் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றார். அது ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதி. வாக்காளருக்கு அஞ்சாதவர், வாக்காளருக்கு ஏறக்குறைய வேலையே இல்லாத ஓரிடத்திலிருந்து பேசினார். அது ஒரு ராஜ்யம், குடியரசு அல்ல, அங்கே வாக்குரிமையும் சிலருக்கே இருந்தது. எல்லாருக்கும் வாக்குள்ள ஒரு குடியரசில், மக்களுக்கு மறைக்காமல், அவர்களுக்குப் பதில் சொல்லுகிறவனாகவே இருந்து, ஒருவன் மக்களின் கருத்துக்கு மாறாக நிற்க முடியுமா?

பிரான்ஸ் தேசத்தில் 1981இல் அப்படி நடந்தது. அக்காலத்தில் அங்கே கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மையோர் மரண தண்டனை தொடரவேண்டும் என்றே சொன்னார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், குடியரசுத் தலைவர் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, வேட்பாளர் பிரான்சுவா மித்தெரான் தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார்: பெரும்பான்மையோரின் கருத்து வேறாக இருப்பது எனக்குத் தெரியும், ஆனாலும் என் மனச்சாட்சியின்படி மரண தண்டனைக்கு நான் எதிரானவன் என்ற கருத்தில் பேசினார். மே 10ஆம் தேதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பர் மாதத்தில் நீதி அமைச்சர் ரொபேர் பதின்தேர் மசோதாவைத் தேசிய மன்றத்தில் வைத்து வாதாடினார். 363பேர் ஆதரித்தும் 117பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். ஆதரித்தவர்களில் எதிரணியைச் சேர்ந்த ழாக் சிராக்கும் ஒருவர். அவரே பின்னர் குடியரசுத் தலைவராயிருந்தபோது, 2007இல், அந்த ஒழிப்பு பிரான்சின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.

மரண தண்டனையைக் குறித்துக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு. அதைத் தீர்க்க இங்கே நான் முயலவில்லை. மித்தெரான் நடந்துகொண்ட முறையைப் பாருங்கள் என்றே சொல்லுகிறேன். அவர் தம் கருத்தை மறைத்து வாக்கு வாங்கிப் பின்பு வெளிப்படுத்தவில்லை. தோற்கக்கூடும் என்று அறிந்தே முன்னதாகச் சொன்னார். மக்களும் தங்களோடு ஒத்துப்போகாத ஒருவரை, ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தே, அனுப்பினார்கள். கேட்டதற்குத் தலையாட்டுகிறவன் மட்டுமே வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. குடியரசுக்கு இப்படிப்பட்ட குடிமக்கள் தேவை.

நம் தேசத்தில் மூன்றாவது எஜமான்

நம் பாராளுமன்ற உறுப்பினர் பதவியேற்கும்போது எடுக்கிற உறுதிமொழி நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அரசியலமைப்புக்கு உண்மையாயிருப்பேன், தேசத்தின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன், ஏற்கும் கடமையை உண்மையாய் நிறைவேற்றுவேன் என்பதே அதன் பொருள். அதில் கட்சியின் பேச்சும் இல்லை, தொகுதியின் பேச்சும் இல்லை. தேவனுடைய பெயராலே அதைச் சொல்லுகிறவர்களும் உண்டு.

ஆனால் நடைமுறையில், மனச்சாட்சியா மக்களா என்ற கேள்வி எழுமுன்பே கட்சிக் கொறடாவின் உத்தரவு வந்துவிடுகிறது. 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தத்தால் பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கிற உறுப்பினர், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால், தகுதி இழக்க நேரிடும். இந்தச் சட்டம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 1967இல் ஹரியானாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். பதவிக்காகவும் பணத்துக்காகவும் தாவினவர்களைத் தடுக்கவே இந்த வேலி போடப்பட்டது. ஆனால் வேலி திருடனை மட்டும் தடுக்கவில்லை. உண்மையான மனக்கலக்கத்தோடு மாறி வாக்களிக்க நினைக்கிறவனையும் அதே வேலி நிறுத்துகிறது. நம்பிக்கை வாக்கெடுப்புகளில் கட்சிக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை ஏற்கலாம். ஒவ்வொரு மசோதாவுக்கும் அது ஏன் வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்கவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்றத்தில் வாக்களிக்கப் பணம் பெற்ற உறுப்பினர் தம் சிறப்புரிமையைக் காட்டித் தப்பமுடியாது என்று 2024 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதை வாசித்து நாம் மகிழ்ந்தோம். ஆனால் நம் பக்கம் எப்படி இருக்கிறது? பணப் பட்டுவாடாவினிமித்தம் 2017இல் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் பாராளுமன்றத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. இது நம் மாநிலத்தில் நடந்தது. பணம் கொடுத்தவன் மட்டும் குற்றவாளியா? வாங்கின கையில் நம் சபையாருடைய கை ஒன்றும் இருக்கவில்லை என்று என்னால் சத்தியம்பண்ண முடியாது. வாக்கை விற்றவன், பிரதிநிதியே நான் சொல்வதைக் கேள் என்று எந்த முகத்தோடு கேட்பான்? விற்ற பொருளின்மேல் விற்றவனுக்குப் பாத்தியம் இல்லை.

நான் கை கழுவின நாள்

இப்பொழுது என் தயக்கத்தின் காரணத்தைச் சொல்லுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்தேன். அச்சபையின் வாலிபன் ஒருவனும் பெண்பிள்ளை ஒருத்தியும் விவாகம் செய்ய விரும்பினார்கள். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்; திடப்படுத்தல் பெற்று என் கையிலிருந்து திருவிருந்து வாங்கினவர்கள். ஆனால் இருவரும் வெவ்வேறு தெரு. தெரு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் ஓலை வாசித்தேன். அன்று சாயங்காலமே ஒரு மனு வந்தது. சபைக் குடும்பங்களில் பெரும்பாலானவை கையொப்பமிட்டிருந்தன. இரண்டாம் ஓலை வாசிக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. கமிட்டி கூடியது. சபையார் தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள் ஒருவர்பின் ஒருவராக, ஜனங்கள் விரும்பவில்லை ஐயா, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து, "ஓலை வாசிப்பது சட்டப்படி தடை உண்டா என்று கேட்பதற்கு, தெருவுக்குச் சம்மதமா என்று கேட்பதற்கு அல்ல" என்றார். அவருடைய தெருவும் அந்த மனுவில் கையொப்பமிட்டிருந்தது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களே அவருக்கு எதிரே இருந்தார்கள்.

சபையின் சமாதானத்துக்காக என்று சொல்லி நான் இரண்டாம் ஓலையை நிறுத்திவைத்தேன். அந்த இருவரும் நகரத்துக்குப் போய்ப் பதிவு அலுவலகத்தில் விவாகம் செய்துகொண்டார்கள். அதன்பின் எந்தச் சபைக்கும் அவர்கள் போவதாகக் கேள்விப்படவில்லை. அடுத்த கமிட்டித் தேர்தலில் அந்த ஆசிரியர் தோற்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் எப்போதும் உட்காரும் இடத்தில் வந்து உட்கார்ந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வாக்கினால் வந்தவர். வாக்கை இழக்கத் துணிந்தார். நானோ வாக்கினால் வந்தவன் அல்லன். அபிஷேகம் பெற்று அனுப்பப்பட்டவன். இழக்க எனக்குத் தேர்தல் இல்லை. ஆகவே பயப்படுவதற்கு என்னிடம் இருந்த சாக்கு அவருடையதைவிடச் சிறியது. அப்படியிருந்தும் நான்தான் பயந்தேன். சமாதானம் என்று நான் பெயரிட்டது பிலாத்து தண்ணீர் கேட்டதைப் போன்றதே. தேவனிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அந்த இருவரிடமும் கேட்க இதுவரை எனக்கு வாய்க்கவில்லை.

அந்த ஆசிரியர் தம் மக்களை அவமதித்தாரா? இல்லை. அவர்களுடைய மனுவை முழுவதும் வாசித்தார். அவர்கள் நடுவே வாழ்ந்தார். தாம் ஏன் இசையவில்லை என்று அவர்கள் முகத்துக்கு முன்பாகச் சொன்னார். தோற்றபின் அவர்கள் தீர்ப்பை முறுமுறுக்காமல் ஏற்றுக்கொண்டார். அந்தச் சபையில் அன்று உண்மையான பிரதிநிதி அவர் ஒருவரே என்று இன்று நினைக்கிறேன்.

அந்த வாலிபருக்கும் உங்களுக்கும்

தம்பி, நீங்கள் சொல்வதைக் கேட்கவேண்டியது உங்கள் பிரதிநிதியின் கடமை. நீங்கள் சொன்னதையெல்லாம் செய்வது அவருடைய கடமையல்ல. செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று உங்களிடம் வந்து சொல்வது அவருடைய கடமை. அந்தக் காரணம் உங்களுக்கு ஏற்புடையதாக இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் வேறொருவரை அனுப்புவது உங்கள் உரிமை. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் குடியரசு நொண்டும்.

பிரியமானவர்களே, நாம் செய்யவேண்டிய சில காரியங்களையும் சொல்லி முடிக்கிறேன்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடத்தில் நமக்கு என்ன தருவீர்கள் என்று மட்டும் கேளாதீர்கள். எந்தக் காரியத்தில் எங்களுக்கு மாறாக நிற்பீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவருக்கு ஒரு கொள்கையும் இல்லை.

வாக்குக்குப் பணம் வாங்காதீர்கள். வறுமையினால் வாங்குகிறவர்களைக் கல்லெறியவும் வேண்டாம். வறுமையில்லாதவர்கள் வாங்குவதை முதலில் நிறுத்துவோம்.

உங்கள் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த ஒரு பிரதிநிதியைத் துரோகி என்று பகிருமுன், அவர் யாருக்காக நின்றார் என்று பாருங்கள். தன் லாபத்துக்காக நின்றிருந்தால் கடிந்துகொள்ளுங்கள். குரலற்ற ஒருவனுக்காக நின்றிருந்தால், உங்களுக்கு வருத்தமாயிருந்தாலும், ஒரு கடிதம் எழுதி நன்றி சொல்லுங்கள். நாம் இந்தத் தேசத்தில் எண்ணிக்கையில் சிறியவர்கள். பெரும்பான்மையின் விருப்பமே நியாயம் என்று வந்துவிட்டால் முதலில் அஞ்சவேண்டியவர்கள் நாமே. நம் சபைகளுக்குள் நாம் பெரும்பான்மையாயிருக்கும் இடத்திலும் அதை மறவாதிருப்போமாக.

அதிகாரத்திலுள்ளவர்களுக்காக ஜெபிக்க பவுல் தீமோத்தேயுவுக்குக் கற்பித்தார் (1 தீமோத்தேயு 2:1-2). அவர்கள் நமக்கு நன்மை செய்யவேண்டும் என்று மட்டும் ஜெபிக்கிறோம். அவர்கள் நமக்குப் பயப்படாதிருக்கவும் ஜெபிப்போம்.

ஜெபம்

நீதியுள்ள பிதாவே, எங்கள் தேசத்தின் மன்றங்களில் அமர்ந்திருக்கிற ஒவ்வொருவரையும் உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். சிறியவனுடைய குரலைக் கேட்கும் செவியையும், மனுஷர் முகத்துக்கு அஞ்சாத இருதயத்தையும் அவர்களுக்குத் தாரும். கூட்டத்தோடு சேர்ந்து நாங்கள் கத்தின நாட்களையும், கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் மௌனமாயிருந்த நாட்களையும் மன்னியும். எங்களால் தள்ளப்பட்டவர்களை நீர் தள்ளாதிரும். கூட்டத்தின் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்ட எங்கள் இரட்சகர் இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.